பதினொரு மைக்ரோவோல்ட்

உப்புச் சுரங்கத்தின் ஏழாம் தளம். ப்ரஹோவாவுக்கு வடக்கே.
மேலே பனி கொட்டினாலும் வெயில் காய்ந்தாலும்
இங்கே பதின்மூன்று டிகிரி.
அதற்காகத்தான் இவ்வளவு ஆழம்.
வெப்பம் பொய்சாட்சி;
ஒரு முனை நூலளவு சூடேறினால் போதும்,
நானே மின்னழுத்தம் என்று சத்தியம் செய்யும்.

மேசைமேல் ஓர் உருளை.
கரிய ஃபெரைட், முழங்கை நீளம், நடுவில் துளை.
துளையில்லாத அதன் இரட்டை அலமாரியில்.
அது வாய் திறக்காது என்கிறது கணக்கு.

கேள்வி எளிது, ஆறாம் வகுப்பும் கேட்கும்:
காந்தப்புலத்தில் கம்பி நகர்ந்தால் மின்சாரம்.
பூமியே காந்தம்; பூமியே நகர்கிறது.
எங்கள் அட்சரேகையில் நொடிக்கு
முந்நூற்று இருபத்தொன்பது மீட்டர்,
ஏறக்குறைய ஒலியின் வேகம்,
ஒரு சத்தமும் இல்லாமல்.
பிறகு மாதாமாதம் எதற்கு மின்கட்டணம்?

பதிலும் எளிது, பாடப்புத்தகத்தில் பழுத்தது:
எலெக்ட்ரான்கள் ஏமாறுவதில்லை.
விசை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ
அந்தப் பக்கம் போய்க் குவிந்து
தாமே எதிர்விசையாய் நின்றுவிடும்.
ரொட்டிக்கடை வாசலில் எங்கள் ஊர் நின்றதுபோல:
நெருக்கித் தள்ளியும்
வரிசை அசையாது.

அந்தப் பதிலில் ஒரு பொத்தல் இருக்கலாம் என்று
ஒரு பக்கச் சமன்பாட்டை நம்பி
ஒன்பது வாரம் நான் இங்கே.

"எத்தனை பல்பு எரியும், இலிங்கா?"
லிஃப்ட் இயக்கும் திரகோமிர்.
ஒன்றுகூட இல்லை.
"பிறகு?"

பிறகு என்று ஒன்று இருக்கிறதா, தெரியவில்லை.
எண்பத்தேழில் மாலை ஏழு மணிக்குத்
தெரு முழுக்க அணைந்துபோகும்.
எரிவாயு அடுப்பின் நீல வளையத்தில்
பின்னக் கணக்குப் போட்டவள் நான்.
மின்சாரம் எங்கோ இருக்கிறது,
எங்களிடம் வருவதில்லை என்று
அப்போதே தெரிந்துவிட்டது.

முதல் வாரங்களில் மானி நாற்பது காட்டியது,
ஐம்பது காட்டியது. கொண்டாடினேன்.
பிறகு நகர்ந்து நின்றேன்; எண்ணும் நகர்ந்தது.
நான் அளந்தது பூமியை அல்ல,
என் மூச்சை. என் தொடைகளின் சூட்டை.
மேல்கோட்டுக்குள் சற்றுமுன் குடித்த சூப்பை.

ஆகவே விளக்கை அணைத்தேன். கதவைச் சாத்தினேன்.
லிஃப்ட் கூண்டில் திரகோமிரோடு உட்கார்ந்து
மூன்று மணி நேரம் சூரியகாந்தி விதை உடைத்தேன்.
என் உடம்பை அந்த அறை
மறக்க அவ்வளவு நேரம் ஆகிறது.

திரும்பி வந்து தாளைப் பார்த்தேன்.
வடக்கு நோக்கி: பதினொரு மைக்ரோவோல்ட்.
மேசையை அரைவட்டம் திருப்பிய இரவு:
அதே பதினொன்று, குறி மாறி.
துளையில்லாத இரட்டை: பூஜ்யம்.

உட்கார்ந்துவிட்டேன்.

"அதை எடுத்தால் யாருக்குக் குறையும்?"
திரகோமிருக்கு எப்போதும் கணக்கு முடிய வேண்டும்.
பூமிக்கு, என்றேன். மயிரிழையில் மயிரிழை மெதுவாகும்.
நாள் அந்த அளவுக்கு நீளும்.
"என் ஷிஃப்டும் நீளுமா?"
சிரித்தோம். உப்புச்சுவர் திருப்பிச் சிரித்தது.

சொல்லிக்கொள்ள இன்னும் ஒன்றுமில்லை.
செப்புக் கவ்வி பொய் சொல்லலாம்.
இந்தச் சுரங்கமே பொய் சொல்லலாம்;
வேறொரு குகையில் வேறொருத்தி
முடியாது என்று நிறுவப் பார்க்க வேண்டும்,
என்மேல் கொஞ்சம் கோபத்தோடு.

இன்று கிழக்கு மேற்கு.
ஓடும் திசையிலேயே உருளை படுத்திருந்தால்
எண் செத்துப்போக வேண்டும்.
சாகாவிட்டால் ஒன்பது வாரமும் வீண்.

எட்டே காலுக்கு மேசையைத் திருப்பி
திருகை இறுக்கி,
என் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு
பின்பக்கமாகவே நடந்து வெளியேறுகிறேன்.